அலைமேல் ஒரு காலை

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் நம்மில் பலருக்குச் செய்ய வேண்டிய காரியங்கள் யாரோ முன்கூட்டியே எழுதி வைத்ததுபோல் இருக்கும். குலதெய்வம் கோயில், இரண்டு கல்யாணம், ஒரு சஷ்டியப்தபூர்த்தி, தி.நகரில் புடவை, பல் டாக்டர். இதில் கடலுக்கென்று ஒதுக்குவது ஒரே ஒரு மாலை. மெரினாவில் முழங்கால் நனைய நின்று, சுண்டல் வாங்கித் தின்று, செருப்பில் ஏறிய மணலை உதறிவிட்டுத் திரும்பி விடுவோம். அலைமேல் பலகையைப் போட்டு ஏறி நின்று சவாரி செய்வதெல்லாம் ஹவாய்த் தீவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடக்கிற சமாசாரம்.

அப்படியில்லை. சென்னையிலிருந்து தெற்கே, நாற்பது கிலோமீட்டருக்குள், கோவளத்தில் தினமும் காலையில் அது நடக்கிறது. 2025 மே மாதம் என் பதினான்கு வயது மகளும் நானும் அங்கே போய் முதல் பாடம் கற்று வந்தோம்.

கோவளம் என்றதும் கேரளக் கோவளத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டைத் தாண்டியதும் வருகிற மீனவர் கிராமம். தர்கா ஒன்று, பழைய மாதா கோயில் ஒன்று, மணலில் வரிசையாய் ஃபைபர் படகுகள். பார்த்தால் சரித்திரம் தெரியாது. ஆனால் 1720களில் ஆஸ்டெண்ட் கம்பெனியார் இங்கே பண்டகசாலை வைத்து வியாபாரம் செய்திருக்கிறார்கள். 1752ல் ராபர்ட் கிளைவ் இங்கிருந்த கோட்டையைப் பிடித்தார். கோட்டை இருந்த இடத்தில் இப்போது நட்சத்திர ஓட்டல். சர்ஃபிங் வந்தது நேற்றைக்குத்தான். இவ்வூர் மீனவக் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன் என்பவர், சிறுவயதில் மரப்பலகையை வைத்துக்கொண்டே அலையில் சறுக்கிப் பழகியவர், 2012ல் இங்கே ஒரு சர்ஃப் பள்ளி தொடங்கினார். ஊர்ப் பிள்ளைகள் அவரிடம் கற்றார்கள். பிறகு விழாக்கள் நடந்தன, தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸ் கூட வந்து அலையேறினார். இன்று ஊரில் பள்ளிகள் பல.

நாங்கள் தங்கியிருந்தது திருவான்மியூரில் பெரியம்மா வீட்டில். விஷயத்தைச் சொன்னதும் பெரியம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"கடலைப் பாக்கலாம், கும்பிடலாம். அதுல போய் யாராவது விளையாடுவாங்களா? வயசுப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு?"

சிரித்துவிட்டுப் போகிற பேச்சல்ல அது. 2004 டிசம்பர் 26 காலையில் பெரியப்பா கடற்கரைக்கு நடக்கப் போயிருந்தார். ஓடித் தப்பி வந்தார். கூட நடந்தவர்களில் ஒருவர் வரவில்லை. அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் கடற்கரைக்குப் போவதில்லை. சுனாமி ஒருபுறம் இருக்கட்டும். இந்தக் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் குளிக்கப் போய் இழுத்துச் செல்லப்படுகிற கல்லூரிப் பிள்ளைகளைப் பற்றிப் பேப்பரில் வராத வருஷமுண்டா? ஆகவே நான் பெரியம்மாவிடம் வாதம் செய்யவில்லை. முதல் நாள் மாலை நானே தனியாகப் போய் அந்தப் பள்ளியைப் பார்த்தேன். ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர், நீச்சல் தெரியாவிட்டால் எவ்வளவு ஆழம் வரை விடுவீர்கள், உயிர் காக்கும் பயிற்சி பெற்றவர் யார் என்று கேட்டேன். பதில்கள் திருப்தியாக இருந்தன. அதிலும் ஒரு பதில் மிகவும் பிடித்திருந்தது. "கடல் சரியில்லன்னா காசைத் திருப்பிக் குடுத்துடுவோம்கா. தண்ணியில இறக்க மாட்டோம்."

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கடல் எண்ணெய் தடவினதுபோல் இருந்தது. அதிகாலையில் வரச் சொல்வதற்குக் காரணம் இதுதான். வெயில் ஏற ஏறக் கடற்காற்று கிளம்பி நீர்ப்பரப்பைக் கலைத்துவிடும். அலை ஒழுங்கு கெட்டுச் சிதறும். எங்களுக்கு வாய்த்த ஆசிரியருக்கு இருபத்து நான்கு வயதிருக்கும். உப்பிலும் வெயிலிலும் தலைமயிர் செம்பட்டை பாய்ந்திருந்தது. டில்லி என்று பதிவேட்டில் பார்த்துவிட்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் கலந்து ஆரம்பித்தார். நன்றாகவே பேசினார். என் மகள் தயங்கித் தயங்கி, "எங்களுக்குத் தமிழ் தெரியும் அண்ணா" என்றாள்.

"தமிழா? இத மொதல்லயே சொல்லக் கூடாதா பாப்பா!" என்று அவர் சிரித்த சிரிப்பில் பாதி பயம் போயிற்று.

முதல் அரைமணி நேரம் தண்ணீர்ப் பக்கமே விடவில்லை. மணலில் பலகையின் உருவத்தைக் கோடு கிழித்துக் காட்டி, அதன்மேல் எங்களைக் குப்புறப் படுக்க வைத்தார். மார்புக்குப் பக்கத்தில் உள்ளங்கைகளை ஊன்றி, புஜங்காசனம்போல் மேலுடம்பைத் தூக்கி, ஒரே மூச்சில் கால்களை வயிற்றுக்குக் கீழே கொண்டுவந்து எழ வேண்டும். முன்னால் வருவது எந்தக் கால்? அதைக் கண்டுபிடிக்க ஒரு உபாயம் வைத்திருக்கிறார்கள். நாம் சும்மா நிற்கும்போது பின்னாலிருந்து லேசாகத் தள்ளுகிறார்கள். விழாமலிருக்க எந்தக் கால் முதலில் முன்னால் போகிறதோ அது முன் கால். எனக்கு இடது, மகளுக்கு வலது. வலதுகால் முன்வைப்பவர்களைச் சர்ஃபிங் உலகில் 'கூஃபி' என்கிறார்கள். மருமகள் வீட்டுக்குள் வலதுகாலை வைத்து வருகிற நம் ஊரில் எல்லோரும் கூஃபிதான் என்று சொன்னேன். அவருக்குப் புரிந்தது, மகளுக்குப் புரியவில்லை.

பலகை எட்டு, ஒன்பது அடி நீளம். புதியவர்களுக்குக் கொடுப்பது மேலே நுரைரப்பர் போர்த்திய மெத்துப் பலகை. தலையில் பட்டால் மண்டை உடையாது. ஒரு கயிறு பலகையையும் நம் கணுக்காலையும் பிணைக்கிறது. பிறகு ஆசிரியர் சொன்ன விதிகளை, நான் பின்னால் பலருக்குச் சொல்ல வேண்டியிருந்ததால், இங்கேயும் எழுதி வைக்கிறேன். உனக்கும் அலைக்கும் நடுவில் பலகையை ஒருபோதும் வைத்துக்கொள்ளாதே. அலை அதைத் தூக்கி உன்மேலேயே அடிக்கும். விழும்போது தலைகீழாகப் பாயாதே, ஆழம் இடுப்பளவுதான். பக்கவாட்டிலோ மல்லாந்தோ தட்டையாக விழு. எழும்போது இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு எழு. நீரோட்டம் உள்ளே இழுத்தால் அதோடு மல்லுக்கட்டாதே. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து இழுப்பைத் தாண்டிவிட்டு அப்புறம் கரைக்கு வா. முடியாவிட்டால் கையைத் தூக்கு. கடைசி விதி ஒன்றைத் தெரிந்துகொண்டிருந்தால் பேப்பரில் பெயர் வந்த பிள்ளைகளில் எத்தனை பேர் வீடு திரும்பியிருப்பார்களோ. எதிர்நீச்சல் போட்டுக் களைத்துத்தான் பெரும்பாலும் மூழ்குகிறார்கள்.

தண்ணீரில் இறங்கியபின் மணலில் கற்றதெல்லாம் மணலிலேயே தங்கிவிட்டது. முதல் அலைக்கு எழவே இல்லை. இரண்டாவதில் எழுந்ததும் பலகை முன்னால் போயிற்று, நான் பின்னால் போனேன். மூன்றாவதில் மூக்கு வழியாகக் கடல் உள்ளே வந்தது. புதியவர்களை ஆழத்துக்குக் கொண்டுபோவதில்லை. ஏற்கெனவே உடைந்து வெள்ளை நுரையாகக் கரைக்கு ஓடிவருகிற அலையில்தான் பழக்குகிறார்கள். அலை ஏன் உடைகிறது என்பதையும் அந்தத் தம்பி சொன்னார். எங்கோ தெற்கே, இந்துமாக்கடலின் மறுகோடியில் அடிக்கும் புயலில் பிறக்கும் நீரோங்கல் நாட்கணக்கில் பயணம் செய்து வருகிறது. தரை மேடாக மேடாக அதன் அடிப்பாகம் வேகம் குறைகிறது. தலை மட்டும் பழைய வேகத்தில் முன்னால் சாய்கிறது. ஏறக்குறைய அலையின் உயரத்தைப்போல் ஒன்றேகால் மடங்கு ஆழத்துக்கு வந்ததும் மடிந்து விழுகிறது. "அடியில தடுக்கி வுழுதுக்கா, அவ்ளோதான்" என்றார். பௌதிக வாத்தியார் இப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

இதற்குள் என் மகள் பத்தடி தள்ளி வேறொரு உலகத்தில் இருந்தாள். நம் வீட்டுக் குழந்தைகளின் தமிழ் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். சாப்பிடு, தூங்கு, படி, டிவியை அணை. வீட்டில் நாம் ஏவுகிற, திட்டுகிற மொழி. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அதுவே மனப்பாடம் செய்கிற மொழி. விளையாட்டு, சிநேகிதம், ரகசியம் எல்லாம் இந்தியில், ஆங்கிலத்தில். அன்று காலையில்தான் முதன்முறையாக ஒரு தமிழ் வாக்கியத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளாவிட்டால் தண்ணீர் குடிக்க வேண்டிய நிலை அவளுக்கு ஏற்பட்டது.

"வருது பார்... இது வேணாம், வுட்டுடு. பின்னாடி வர்றது நல்லாருக்கு. திரும்பு. படு. கையை வலி... வலி... வலி... ஏந்திரி!"

'வலி' என்றால் நோவு என்று மட்டுமே அறிந்திருந்தவள், அது துடுப்புப்போல் கையைப் போடுவதையும் குறிக்கும் என்பதை யாரும் விளக்காமலே தெரிந்துகொண்டாள். ஒன்பதோ பத்தோ முறை விழுந்தபின் ஒரு அலையில் எழுந்தாள். முழங்கால் மடிந்து, கைகள் இரண்டும் காக்கை விரட்டுவதுபோல் ஆட, நான்கு விநாடி நின்றாள். ஐந்தாகக் கூட இருக்கலாம். நின்றபடியே கரையைப் பார்த்து அவள் கத்தியது தமிழில்: "அம்மா, நிக்கறேன், நிக்கறேன்!"

நான் எழுந்து நின்றேனா என்று கேட்பீர்கள். முழங்காலில் நின்றபடி கரைவரை வந்து சேர்ந்தேன். என் வயதுக்கு அது போதும் என்பது என் கட்சி.

இளைப்பாற மணலில் உட்கார்ந்திருந்தபோது தூரத்தில் ஒரு படகு கரைக்கு வந்துகொண்டிருந்தது. அந்த மாதங்களில் விசைப்படகுகளுக்குத்தான் மீன்பிடித் தடைக்காலம். சிறு படகுகள் போய்வருகின்றன. "எங்க அப்பா" என்றார் தம்பி. படகு அலைகளுக்கு வெளியே கொஞ்ச நேரம் சும்மா நின்றது. பெரிய அலைகள் நான்கைந்து கடந்து போகட்டும் என்று காத்திருந்து, அடுத்துக் கிடைத்த அமைதியில் ஒரே வீச்சில் உள்ளே வந்து மணலில் ஏறியது. "எனக்கு இதெல்லாம் ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கலக்கா. அலையத் தாண்டிப் போறது எப்படின்னு அவர் பார்ப்பாரு. அதுமேல ஏர்றது எப்படின்னு நான் பார்க்கறேன். பார்க்கறது ஒண்ணுதான்."

எனக்கு அப்போது பழைய சென்னையின் நினைவு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை அங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் அலைகளுக்கு அப்பால் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். துரைகளையும் துரைசானிகளையும் பெட்டி படுக்கைகளையும் கரை சேர்த்தது மசூலாப் படகு. ஆணியே இல்லாமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்தது. ஆணியடித்த படகு அந்த அலையின் அடிக்கு உடைந்துபோகும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். கடல் கொந்தளிக்கும் நாளில் அதுவும் போக முடியாது. அப்போது கட்டுமரக்காரர்கள் நனையாத தொப்பிக்குள் கடிதங்களை வைத்துக்கொண்டு கப்பலுக்குப் போய்வந்தார்கள். கட்டுமரம் என்ற சொல்லும் அலையேறித்தான் ஆங்கிலத்துக்குப் போயிற்று. இந்தப் பரம்பரையில் வந்த பிள்ளைக்கு ஹவாய்க்காரர்கள் வந்து அலையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியது அதிகமில்லை; பலகை ஒன்றுதான் புதிது.

அவருடைய அப்பாவுக்கு மகன் கடலுக்குப் போவதில் விருப்பமில்லையாம். மீன் குறைந்துவிட்டது, டீசல் விலை ஏறிவிட்டது, கரைக்கு வேலைக்குப் போ என்றாராம். "கரைக்கு வேலைக்குத்தான் வந்தேன். வேலை கடல்ல இருக்குது" என்றார் தம்பி. சொல்லிவிட்டு, அடுத்த பாடத்துக்கு வந்திருந்த பெங்களூர்க் கோஷ்டியைக் கவனிக்கப் போய்விட்டார். சாஃப்ட்வேர்க்காரர்கள் பத்துப் பேர் அந்த மீனவ இளைஞன் முன் மணலில் குப்புறப் படுத்துக்கிடந்த காட்சி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கடற்கரை நிலமெல்லாம் விடுதிகளுக்கும் வில்லாக்களுக்கும் கைமாறிக்கொண்டிருக்கிற காலத்தில், ஊர்ப் பிள்ளை காவலாளியாக நிற்காமல் ஆசானாக நிற்கிற இடம் அபூர்வம்.

போக நினைக்கும் சங்க அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அலை பெரிது, புயலும் உண்டு. முதல் பாடத்துக்கு உகந்த காலமல்ல. நம் பிள்ளைகளின் கோடை விடுமுறை நல்ல காலம். ஒன்றரை மணி நேரப் பாடத்துக்கு ஆளுக்கு இரண்டாயிரத்துக்குள் ஆயிற்று. நீச்சல் தெரிந்திருந்தால் நல்லது. உடம்போடு ஒட்டிய முழுக்கைச் சட்டை அவர்களே தருகிறார்கள். பெண்களுக்கு அதன் கீழே லெகிங்ஸ் போதும், சுடிதார் வேண்டாம், தண்ணீரில் காலைச் சுற்றும். மூக்குக்கண்ணாடியைக் கரையில் விடுங்கள். கர்நாடகப் பக்கம் உறவுள்ளவர்கள் மங்களூருக்கு அருகே முல்கிக்குப் போகலாம். ஜாக் ஹெப்னர் என்ற அமெரிக்கச் சாமியார் 2004ல் தொடங்கிய மந்த்ரா சர்ஃப் கிளப் அங்கே இருக்கிறது. இந்தியாவில் இந்த விளையாட்டுக்கு ஆரம்பப் பள்ளி என்றே அதைச் சொல்லலாம். கேரளத்தில் வர்க்கலையும், அந்த இன்னொரு கோவளமும் இருக்கின்றன.

நாங்கள் திரும்பிய சில வாரங்களில், 2025 ஆகஸ்டில், ஆசிய சர்ஃபிங் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. இந்தியாவின் ரமேஷ் பூதிஹால் வெண்கலப் பதக்கம் வாங்கினார். என் மகள் அந்தச் செய்தியைத் தமிழ்ப் பேப்பரில் தானே எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'அரையிறுதி' என்பதற்கு மட்டும் என்னிடம் அர்த்தம் கேட்டாள்.

பெரியம்மாவுக்கு அன்று ஒரு கிலோ சங்கரா வாங்கிப் போனோம், தம்பியின் அப்பா படகிலிருந்தே. பெரியம்மா எங்கள் இருவரையும் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார். எதைச் சொன்னார் என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. பெரியப்பா மட்டும் அலை எந்தப் பக்கமிருந்து வந்தது, எவ்வளவு உயரம் என்று வெகுநேரம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

மணல் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். எத்தனை தரம் குளித்தாலும் அது போவதில்லை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் நாகபுரியைத் தாண்டியும் என் காதிலிருந்து வந்துகொண்டிருந்தது.