உஷார்! டிவி மேசையில் மீன் தொட்டியா?

உங்கள் வீட்டு மீன் தொட்டி டிவிக்குப் பக்கத்திலோ கம்ப்யூட்டர் மேசையிலோ இருந்தால், படிப்பதை நிறுத்திவிட்டுப் போய்த் தொட்டியின் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். எதையும் தொட வேண்டாம். முதலில் கம்பி எங்கே இறங்குகிறது என்று மட்டும் பாருங்கள்.

போன மாதம் சிங்கப்பூர் புக்கிட் மேராவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். எழுபதுகளில் கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. கூடத்தில் இரண்டடித் தொட்டி, அதை ஒட்டி டிவி, கீழ்த்தட்டில் வைஃபை ரூட்டர், பக்கத்தில் பெரியவனுடைய கம்ப்யூட்டர். எல்லாவற்றுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன். அதுவும் தரையில், தொட்டிக்கு நேர் கீழே. மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த சின்னவன் சொன்னான்: "மாமா, தண்ணி கடிக்குது." அவன் விரல் நுனியில் ஒரு சின்ன வெட்டுக்காயம் இருந்தது. அக்கா சிரித்தார். "மூணு வருஷமா இப்படித்தான் ஓடுது, ஒண்ணும் ஆகலையேடா" என்றார்.

எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது. மெயினை அணைத்துவிட்டு மேசையை நகர்த்திப் பார்த்தேன். பம்பின் கம்பி தொட்டி விளிம்பிலிருந்து நேராக பிளக்குக்கு இறங்கியிருந்தது. அதைப் பிடித்துத் தடவியபோது கை நனைந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். பித்தளைக் கால்களில் பச்சைக் களிம்பு. துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி, ஓரம் இளகி வழிந்திருந்தது.

மீன்கள் நன்றாக நீந்துகின்றன, ஆகவே கசிவு இல்லை என்று தயவுசெய்து நம்பாதீர்கள். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. தண்ணீருக்குள் இருக்கும் பம்பின் உறை விரிசல் விட்டு 230 வோல்ட் கசிந்தாலும், வெளியேற வழியில்லாமல் அது தொட்டிக்குள்ளேயே நிற்கும். மின்கம்பியில் உட்கார்ந்த காக்கைக்கு ஒன்றும் ஆகாதது போலத்தான் மீனுக்கும். இணையத்தில் மலிவாக வாங்கும் பம்புகள் பலவற்றில் இரண்டு கால் பிளக்தான், எர்த் கிடையாது. கசிவு ஆளுக்காகக் காத்திருக்கும்.

நீங்கள் பாசி துடைக்க ஒரு கையைத் தண்ணீரில் விடுகிறீர்கள். மற்றொரு கை எதையாவது பிடிக்கும். பக்கத்தில் கம்ப்யூட்டரின் இரும்புப் பெட்டி இருக்கிறது; அது எர்த்தோடு சேர்ந்தது. ஒரு கையில் ஏறிய மின்சாரம் நெஞ்சைக் கடந்து மறு கையில் இறங்குகிறது. 50 மில்லியாம்ப் போனாலே இதயத் துடிப்பு குலைந்துவிடக்கூடும். டிவி கெட்டால் வேறு டிவி வாங்கிக்கொள்ளலாம். தொட்டியை டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று நான் கத்துவது இந்த இரண்டாவது கைக்காகத்தான்.

"மின்பெட்டியில் பிரேக்கர் இருக்கிறதே?" என்பார்கள். 20 ஆம்ப் பிரேக்கர் கம்பியைக் காப்பாற்றும். உங்களைக் கொல்லப் போதுமான கசிவு அதன் கண்ணில் படவே படாது. ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. போன மின்னோட்டமும் திரும்பி வந்ததும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லியாம்ப் குறைந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் துண்டிக்கும். அதன் மேல் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். அக்கா வீட்டுப் பெட்டியில் எவ்வளவு தேடியும் அந்தப் பொத்தான் இல்லை.

சிங்கப்பூரில் 1985 ஜூலை முதல் புதிய வீடுகளுக்கு ஆர்.சி.சி.பி. கட்டாயம். அதற்கு முந்தைய வீடுகள் பல அது இல்லாமலே இருந்தன. 2020 டிசம்பரில் இதே புக்கிட் மேராவில், ஒரு வீவக வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் மின்சாரம் தாக்கி மாண்டார்கள். அங்கே மீன் தொட்டி காரணமில்லை. ஆனால் அந்த வீட்டிலும் ஆர்.சி.சி.பி. இல்லை. பிறகு 2023 ஜூலையில் எல்லா வீடுகளுக்கும் அதைக் கட்டாயமாக்கி, 2025 ஜூலை வரை அவகாசம் தந்தார்கள். வரிசையாகச் சுவிட்சுகள் இருப்பதைப் பார்த்து, நம் வீட்டிலும் இருக்கிறது என்று அக்கா நினைத்துவிட்டார். நீங்களும் நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். இன்றே பெட்டியைத் திறந்து பாருங்கள். இல்லையென்றால் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஆர்.சி.சி.பி. இருந்தாலும் அது மட்டும் போதாது. ஈரமான பிளக்கின் இரண்டு கால்களுக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து கருகினால், போனதும் வந்ததும் சமமாகவே இருக்கும், ஆர்.சி.சி.பி. அசையாது. தீ அப்படித்தான் பிடிக்கிறது. ஆகவே கம்பியை நேராக இறக்காதீர்கள். பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டு மேலேற்றிச் செருகுங்கள். சொட்டு வளைவின் அடியிலிருந்து தரையில் விழும். எக்ஸ்டென்ஷனைத் தரையிலிருந்து தூக்கிச் சுவரில் பொருத்துங்கள். காற்று பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால், மின்சாரம் நின்றதும் தண்ணீர் குழாய் வழியே பின்னால் இறங்கி பம்புக்குள் வந்துவிடும். அதை மேலே வையுங்கள், அல்லது குழாயில் ஒருவழி வால்வு போடுங்கள். இறால் வளர்ப்பவர்கள் சில்லர் வைத்துத் தண்ணீரைக் குளிர்விக்கிறார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் கண்ணாடி வியர்த்து மேசையெல்லாம் நனையும். அரோவானாவோ துள்ளினால் ஒரு குவளைத் தண்ணீர் டிவியின் மேல்தான்.

யாருக்காவது மின்சாரம் தாக்கினால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை அணையுங்கள். பிறகு 995 எண்ணை அழையுங்கள்.

புக்கிட் மேராவின் பேருக்கே ஒரு மீன் கதை உண்டு. தோடாக் மீன்கள் கரைக்கு வந்து ஆட்களைக் குத்திக் கொன்றபோது, வாழைத்தண்டால் அரண் கட்டச் சொன்னவன் ஒரு சிறுவன். அவனையே பிறகு கொன்றுவிட்டார்கள், அந்த ரத்தத்தில்தான் குன்று சிவந்தது என்பார்கள். நம் வீட்டுச் சிறுவன் பேச்சையும் நாம் கேட்கவில்லை: "தண்ணி கடிக்குது" என்று சின்னவன் சொன்னது அன்றைக்கு முதல் தடவை இல்லையாம். இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தானாம்.

தொட்டி இப்போது எதிர்ச்சுவரில், தனி பிளக்கில் இருக்கிறது. ஆர்.சி.சி.பி. பொருத்தியாகிவிட்டது. பழைய பம்பை அக்கா, பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரருக்கு எடுத்து வைத்திருந்தார். நான் அதன் கம்பியை அடியோடு வெட்டிவிட்டேன். வேறு யாராவது எடுத்துப்போய் மறுபடியும் செருகிவிடக் கூடாது.