ஏஐ எழுதிவிடும், வைவாவில் யார் பேசுவது?

திருச்சி தென்னூர், தில்லைநகர் வட்டாரத்தில் பொறியியல் மாணவர்களை நம்பியே நடக்கும் கடைகள் உண்டு. ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங், ரெக்கார்டு நோட், கூடவே 'புராஜெக்ட் சென்டர்'. இறுதியாண்டு மாணவர்கள் நாலு பேர் சேர்ந்து பணம் கட்டினால் சர்க்யூட், கோடிங், ரிப்போர்ட் எல்லாம் தயாராகக் கைக்கு வரும். சீனியரின் அசைன்மென்ட்டைப் பார்த்து எழுதுவதும் தலைமுறை தலைமுறையாக இருக்கும் வழக்கம். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு இதற்கெல்லாம் காசும் தேவைப்படவில்லை, ராத்திரி கண்விழிப்பும் தேவைப்படவில்லை.

ஐஐடி டெல்லி தன் வளாகத்தில் கணக்கெடுத்தபோது ஐந்து மாணவர்களில் நான்கு பேர் இத்தகைய ஏஐ கருவிகளைப் பயன்படுத்துவது தெரியவந்தது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமமான ஏஐசிடிஇ, 2025-ஐச் செயற்கை நுண்ணறிவு ஆண்டாகவே அறிவித்தது. துவாக்குடியில் உள்ள என்ஐடியில் 2022 மே மாதம் முதல் 'பரம் பொருள்' என்ற 838 டெராஃப்ளாப்ஸ் சூப்பர் கம்ப்யூட்டர் இயங்குகிறது. ஆராய்ச்சிக்கு வசதி இருக்கிறது. சிக்கல் இளநிலை வகுப்பறையில்தான்.

அந்த வகுப்பறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021-ல் வந்தது. துறையூரிலும் மணப்பாறையிலும் முசிறியிலும் தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் திடீரென்று முழு ஆங்கில விரிவுரைக்கு நடுவே வந்து அமர்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழகம் 2010-லேயே சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. ஆனாலும் மேல் செமஸ்டர் பாடங்களுக்குத் தமிழில் நல்ல நூல் கிடைப்பது இன்றும் அரிது. எழுந்து நின்று சந்தேகம் கேட்கக் கூசும் ஒரு மாணவி, இரவு பதினொரு மணிக்கு விடுதி அறையில், 'பெண்டிங் மொமென்ட் டயகிராம் எப்படி வரைவது, தமிழில் படிப்படியாகச் சொல்' என்று போனில் கேட்கலாம். புரியாவிட்டால் பத்துத் தடவை கேட்கலாம்; யாரும் சிரிக்க மாட்டார்கள். இந்தக் கருவியைக் கல்லூரி வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும் என்று சொல்பவர்கள், முதலில் இந்த மாணவிக்கு வேறு வழி காட்ட வேண்டும்.

ஆனால் அதே மாணவி, 'இந்தக் கணக்கைப் போட்டுக் கொடு' என்று கேட்டால்?

துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்து பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சாதாரண சாட்ஜிபிடி போன்ற கருவி. இன்னொரு பிரிவுக்கு விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்கள் வடிவமைத்த கருவி. கணக்குப் பயிற்சியின்போது முதல் பிரிவு 48 சதவீதமும் இரண்டாவது பிரிவு 127 சதவீதமும் கூடுதலாகச் சாதித்தன. பிறகு கருவியைப் பறித்துக்கொண்டு தேர்வு வைத்தார்கள். முதல் பிரிவினர், ஏஐயைத் தொடவே தொடாதவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். குறிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு அந்த இழப்பு பெரும்பாலும் இல்லை. ஹார்வர்டின் சிஎஸ்50 என்ற புகழ்பெற்ற கணினிப் பாடத்தில் 2023 முதல் இருக்கும் ஏஐ 'வாத்து'ம் இந்த இரண்டாவது ரகம்தான்: கோடிங்கை எழுதித் தராது, எங்கே தடுமாறுகிறாய் என்று திருப்பிக் கேட்கும்.

பொறியியலுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இந்த மொழி மாதிரிகள் அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்து எழுதுபவை. சரிபார்த்து எழுதுபவை அல்ல. கிலோநியூட்டனையும் நியூட்டனையும் குழப்பிவிட்டு அதே கம்பீரத்துடன் விடை சொல்லும். கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456-ல் இல்லாத ஒரு விதியை எண் போட்டு எழுதிக் காட்டும். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 517 புரோகிராமிங் கேள்விகளுக்கு சாட்ஜிபிடி தந்த விடைகளைச் சோதித்தபோது 52 சதவீத விடைகளில் தவறு இருந்தது. அந்த ஆய்வில் பங்கேற்றவர்களின் கண்ணில் அது பல தடவை படவில்லை. நடை அவ்வளவு சரளம்.

அதனால் ஏஐ தரும் விடையையே பாடமாக வைக்கலாம். திருச்சிக்காரர்களுக்கு முக்கொம்பைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை. அங்கே, பொறியாளர் ஆர்தர் காட்டன் காலத்தில், 1836-ல், கொள்ளிடத்தின் குறுக்கே எழுந்த மேலணையில் 2018 ஆகஸ்ட் 22 இரவு ஒன்பது மதகுகள் இடிந்து ஆற்றோடு போயின. ஏன் என்று ஏஐயைக் கேட்டால் மண் அரிப்பு, மணல் அள்ளியது, கட்டுமானத்தின் வயது, வெள்ளத்தின் வேகம் என்று அழகாக ஒரு பட்டியல் வரும். ஆற்றின் அடிமண்ணை அது பார்த்ததில்லை. சிவில் மாணவர்களிடம் அந்தப் பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொரு காரணத்தையும் உறுதிசெய்ய எந்த அளவீடு வேண்டும், எந்த ஆவணத்தைப் பார்க்க வேண்டும், எந்தக் காரணம் வெறும் ஊகம் என்று எழுதச் சொல்லலாம். பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிட்டும் வரலாம். இந்த அசைன்மென்ட்டை எந்தக் கருவியாலும் முழுதாக முடித்துத் தர முடியாது.

ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களை நம்பி மாணவர்களைத் தண்டிப்பது மட்டும் வேண்டாம். ஓபன்ஏஐ நிறுவனமே தன் கண்டுபிடிப்புக் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் தாங்களே எழுதிய டோஃபெல் கட்டுரைகளில் பாதிக்கு மேல் 'ஏஐ எழுதியது' என்று இத்தகைய கருவிகள் பழி போட்டதை ஸ்டான்ஃபோர்டு ஆய்வு காட்டியது. எளிய ஆங்கிலத்தில் உழைத்து எழுதும் லால்குடிப் பையன்தான் இதில் முதலில் மாட்டுவான்.

நம்பகமான சோதனை வைவா, அதாவது நேருக்கு நேர் கேள்வி கேட்பதுதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி எழுத்துப் பாடங்களில் 40 மதிப்பெண்ணும் லேபில் 60 மதிப்பெண்ணும் கல்லூரியின் கையில் இருக்கின்றன. அதில் ஒரு பங்கை உண்மையான வைவாவுக்கு ஒதுக்க யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம். திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்து குரோம்பேட்டை எம்ஐடிக்குப் போன அப்துல் கலாமின் விமான வடிவமைப்பைப் பார்த்துப் பேராசிரியர் சீனிவாசன் அதிருப்தியுடன் மூன்றே நாள் கெடு கொடுத்தது பலரும் அறிந்த செய்தி. அந்த வரைபடத்தின் முன்னால் நின்று குறை சொல்ல ஓர் ஆசிரியர் இருந்தார். இன்று பல கல்லூரிகளில் வைவா என்பது ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கும் சடங்காகச் சுருங்கிவிட்டது.

அறுபது பேர் வகுப்பில் ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் பத்து மணி நேரம். எங்கிருந்து வரும் அந்த நேரம் என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். தரச்சான்றுக்காக அவர்கள் நிரப்பிக்கொண்டிருக்கும் கோப்புகளிலிருந்து வரலாம். படிவம், சுற்றறிக்கை, அறிக்கை ஆகியவற்றின் முதல் வரைவை ஏஐ எழுதட்டும். மிச்சமாகும் மணிகளை நிர்வாகங்கள் ஆசிரியருக்கும் மாணவருக்கும் விட்டுக்கொடுக்கட்டும்.

கவுன்சலிங்குக்கு முன் கல்லூரிகளைச் சுற்றிப் பார்க்கப் போகும் பெற்றோர் பஸ் வசதி, ஹாஸ்டல், பிளேஸ்மென்ட் எல்லாம் விசாரிக்கிறார்கள். அந்தப் பட்டியலில் இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இங்கே வைவா எத்தனை நிமிடம் நடக்கும்? ஏஐ சொன்ன விடையில் தவறு கண்டுபிடிக்க என் பிள்ளைக்கு யார் கற்றுக்கொடுப்பார்கள்?