கேக் தருவதாகச் சொன்ன வில்லி

2007-இல் வந்த 'போர்ட்டல்' விளையாட்டை 13 வயது மகளோடு ஆடினேன். வில்லி கிளாடோஸ் ஒரு கணினி. ஆய்வுக்கூடம் முழுக்க அவள் பிடியில்: கதவு, லிஃப்ட், சுடும் இயந்திரம், விஷவாயு. ஆனாலும் அவளுடைய பெரிய ஆயுதம் பேச்சுதான். பாராட்டுவாள், குத்திக்காட்டுவாள், சோதனையை முடித்தால் கேக் உண்டு என்பாள். 19-ஆம் எண் அறையைத் தாண்டினால் காத்திருப்பது நெருப்புக்குழி. எல்லாம் அறிவியலுக்காக என்பது அவள் நியாயம். சோதனைக்கு ஆளாகிறவள் ஒரு மனுஷி என்பது அவளுக்குப் பொருட்டே இல்லை.

"நீங்க சொல்ற மாதிரியே இருக்குப்பா" என்றாள் மகள். சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. தமிழ் வகுப்புப் பாடத்தை முடித்தால் பீச்சுக்குப் போகலாம் என்று போன மாதம் சொல்லியிருந்தேன். அவள் முடித்தாள். நான் மீட்டிங்கில் இருந்தேன்.

இந்தச் சனிக்கிழமை போனோம்.