ஊழியர் வேலையைத் துறப்பது ஏன்?

ஊதியம் போதாமையாலேயே ஊழியர் வேலையை விட்டு நீங்குகின்றனர் என்று நாம் பொதுவாக எண்ணுகின்றோம். பனாமாக் கால்வாய் வெட்டிய வரலாறோ வேறொரு பாடத்தைப் புகட்டுகின்றது.

1904ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் அவ்வேலையை மேற்கொண்டது. அடுத்த ஆண்டிலே மஞ்சட் காய்ச்சல் பரவிற்று. தங்குதற்குத் தக்க வீடில்லை, நல்ல உணவில்லை, வேண்டிய பொருள்களும் காலத்தில் வந்து சேரவில்லை. அமெரிக்க ஊழியருட் பெருந்தொகையினர் கப்பலேறி ஊர் திரும்பினர். ஆண்டுக்கு 25,000 டொலர் ஊதியம் பெற்ற பிரதம பொறியியலாளர் வாலஸ் என்பாரும் 1905 ஜூன் மாதத்திற் பதவி துறந்தார்.

அவருக்குப் பின் வந்த ஸ்டீவன்ஸ் முதலிற் செய்தது யாது? மண் வெட்டுவதை நிறுத்தினார். வீடு, உணவுச்சாலை, நன்னீர் ஆகியவற்றை அமைப்பித்தார். நுளம்பை ஒழிக்க முயன்ற வைத்தியர் கோர்காஸுக்கு ஆளும் பொருளும் அளித்தார். மஞ்சட் காய்ச்சல் மறைந்தது, வேலையும் தழைத்தது. 1914இற் கால்வாய் திறக்கப்பட்டது.

எனினும் அந்நலன்கள் யாவர்க்கும் ஒப்பக் கிட்டவில்லை. பார்படோஸ் முதலிய தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்க்குக் குறைந்த கூலியும் நெருக்கமான கொட்டில்களுமே வாய்த்தன. ஊரில் அதனினும் குறைந்த கூலியே கிடைத்தமையாற் பலர் பொறுத்திருந்தனர். ஆகவே, ஊழியர் நீங்காதிருத்தல் ஒன்றே அவர்தம் மனநிறைவுக்குச் சான்றாகாது.

கூலி மனிதரை வேலைக்கு அழைக்கும். அங்கு நிலைபெறச் செய்வன உயிர்க்காப்பும் மதிப்புமே. கட்டிடம் எழுப்புவோர் முதலிற் கட்டவேண்டியது தொழிலாளர் தங்கும் வீட்டையே என்போம்.