உறைந்த விந்தணுவுக்கு ஒரு காவல்

பசுவுக்குச் சினைப்பருவம் ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது. அன்று செய்யும் செயற்கைக் கருவூட்டல் பலிக்காவிட்டால், பண்ணையாளர் மேலும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். தீவனச் செலவு நிற்பதில்லை; கன்றும் பாலும் தள்ளிப் போகின்றன. ஆகவே, உறைய வைத்த விந்தணுக்களில் எத்தனை உயிர் பிழைக்கின்றன என்பது பண்ணையாளரின் வருமானத்தைத் தொடும் கேள்வி.

காளையின் விந்து 0.25 அல்லது 0.5 மில்லிலிட்டர் கொள்ளும் மெல்லிய குழல்களில் அடைக்கப்பட்டு, திரவ நைட்ரஜனில் -196 பாகை செல்சியசில் பல ஆண்டுகள் பாதுகாக்கப்படுகிறது. இதற்கு வழி திறந்தது 1949இல் லண்டனில் நடந்த ஆய்வு. கிறிஸ்டோபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் மூவரும் சேவலின் விந்தணுக்களை உறைய வைக்க முயன்றனர். சர்க்கரைக் கரைசல் என்று நினைத்து எடுத்த புட்டியில் உண்மையில் இருந்தது கிளிசரால். விந்தணுக்கள் பிழைத்தன! பனிப் படிகங்களின் சேதத்தைக் கிளிசரால் குறைப்பது அப்படித்தான் தெரியவந்தது.

ஆனால், கிளிசராலால் மட்டும் சமாளிக்க முடியாத இன்னோர் எதிரி உண்டு. அது நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன்தான். குளிரூட்டும்போதும் மீண்டும் உருக்கும்போதும் விந்தணுவின் உள்ளமைப்பு குலைந்து, எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன. இறந்த விந்தணுக்களும் ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கி, உயிரோடிருப்பவற்றைத் தாக்குகின்றன.

நாள்பட்ட எண்ணெய் காறிப்போவதைக் கண்டிருப்பீர்கள். விந்தணுவின் சவ்வில் நடப்பதும் அத்தகைய வேதிவினையே. அச்சவ்வில் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் மிகுதி. விந்தணுவுக்குள் உயிரணுச்சாறு மிகக் குறைவு என்பதால், தற்காப்பு நொதிகளும் குறைவு. பன்றியின் விந்தணு இதில் இன்னும் மென்மையானது. அதனால்தான் பன்றிப் பண்ணைகளில் பெரும்பாலும் உறைய வைக்காத விந்தே, 17 பாகை செல்சியஸ் அளவில் வைத்துப் பயன்படுத்தப்படுகிறது.

இங்குதான் ஆண்டிஆக்சிடன்ட் எனப்படும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் உதவுகின்றன. முட்டை மஞ்சள் கரு, கிளிசரால் போன்றவை அடங்கிய நீர்ப்புக் கரைசலில் இவற்றையும் ஆய்வாளர்கள் சேர்த்துப் பார்க்கிறார்கள். கொழுப்பில் கரையும் வைட்டமின் ஈ சவ்வுக்குள்ளேயே காவல் நிற்கிறது. வைட்டமின் சியும் குளுட்டாதயோனும் நீர்ப்பகுதியில் செயல்படுகின்றன. கேட்டலேஸ் என்னும் நொதி, ஹைட்ரஜன் பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடுகிறது.

அப்படியானால் நிறையச் சேர்த்துவிடலாமே என்று தோன்றும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு! விந்தணு கருமுட்டையைச் சேரத் தயாராவதற்கு, அதே ஆக்சிஜன் மூலக்கூறுகள் சிறிதளவு தேவை. அவற்றை முற்றாகத் துடைத்தால் விந்தணு நீந்தும். கருவுறச் செய்யும் திறன் குன்றும். அளவும் விலங்குக்கு விலங்கு மாறுபடும். காளைக்குப் பொருந்தியது எருமைக்கோ ஆட்டுக்கோ பொருந்த வேண்டியதில்லை.

எனவே, நுண்ணோக்கியில் விந்தணு துள்ளுவது பாதி வெற்றிதான். ஆய்வகத்தில் நல்ல பலன் தந்த கலவை, தொழுவத்தில் சினைபிடிப்பைக் கூட்டாமலும் போகலாம். ஐந்தாம் படிவ வேதியியலில் ஆக்சிஜனேற்ற, ஒடுக்க வினைகளைப் படிக்கும் மாணவர்களே, அந்தப் பாடம் ஒரு மெல்லிய குழலுக்குள்ளும் நடக்கிறது. அதன் தேர்வு முடிவைச் சொல்வது பசுதான்.