துண்டும் துணியும் – 7: கரை கட்டும் வாரம்

ஒட்டுப்போர்வைகளில் பாதிக்குமேல் ஓரத்தில்தான் கெட்டுப்போகின்றன. நடுவே எண்பது கட்டங்களைப் பொறுமையாகச் சேர்த்தவர்கள்கூட, கரைக்கு வந்ததும் ஓடத் தொடங்கிவிடுகிறார்கள். பொட்டிப்புரத்தில் நாம் தைத்துவரும் போர்வையின் நடுப்பகுதி போன வாரம் முடிந்தது. தேவாரத்துத் தையல் கடைகளில் ஜாக்கெட் வெட்டும்போது கைக்குழிப் பக்கம் விழுந்த டூ பை டூ துண்டுகள், பள்ளிச் சீருடைக் கட்டம், கைலி, நைட்டித் துணி, ஒரு பழைய சுங்குடிச் சேலை என்று எல்லாம் அதில் இருக்கின்றன. அதைத் திண்ணையில் விரித்ததும் எதிர்வீட்டு அத்தை, “இனி என்ன, சுத்தி ஒரு பட்டிய வச்சு ஓட்டிவிட வேண்டியதுதான?” என்றார். தைத்துக்கொண்டிருந்த மதினிக்கு முகம் மாறிவிட்டது. “இம்புட்டு நாளு தச்சுப்புட்டு ஓரத்துல போயி அவசரப்படலாமாத்தே?” என்றார்.

நான் மதினி கட்சி. பட்டுச்சேலை வாங்கினால் முந்தியில் குஞ்சம் முடிய ஆள் தேடிப் போகிறோம். ஒட்டுத்துணி என்றால் மட்டும் “மிச்சந்தானே, கோணினால் என்ன?” என்று விட்டுவிடுகிறோம். ஒட்டுப்போட்ட துணியை ஏழ்மையின் அடையாளமாகப் பார்த்துப் பழகிய கண் அது. விருந்தாள் வந்தால் மடித்துப் பரணில் வைத்துவிடுவோம். ஆளுக்கொரு நிறம், ஆளுக்கொரு வயது என்று கிடக்கும் துண்டுகளை ஒரே துணியாக்குவது கரை. அந்த வேலைக்குத்தான் மொத்தப் போர்வையிலும் அதிகக் கவனம் தேவை.

முதலில் அளவு. நம் கட்டம் ஒவ்வொன்றும் ஆறு இன்ச். அகலத்தில் எட்டு, நீளத்தில் பத்து. கணக்குப்படி 48க்கு 60 வரவேண்டும். டேப் வைத்து நடுவில் அளந்தால், தையலுக்கு விட்ட ஓரம் போக நாற்பத்தாறரைக்கு ஐம்பத்தெட்டரைதான் இருந்தது. இது யார் கைக்குற்றமும் இல்லை. ஒவ்வொரு தையலிலும் துணி மடிந்து திரும்புகிறது. அந்த மடிப்பின் கனம் கொஞ்சம் துணியைத் தின்றுவிடும். தையலுக்கு விடும் கால் இன்ச்சும் அங்கங்கே ஒரு மயிரிழை கூடிவிடும். ஆசாரிகள் கணக்கில் ஓர் இன்ச்சுக்கு எட்டு நூல். கட்டத்துக்கு ஒன்றரை நூல் குறைந்தால் எட்டுக் கட்டத்தில் பன்னிரண்டு நூல். அதுதான் அந்த ஒன்றரை இன்ச். நடுவில் தைக்கும்போது கண்ணுக்கே தெரியாத பிழையெல்லாம் சேர்ந்து வந்து நிற்கும் இடம் கரை.

இதே போர்வையை ஓரத்தில் அளந்தால் வேறு அளவு சொல்லும். ஓரத்தைப் பிடித்துத் தூக்கியிருப்போம், இழுத்திருப்போம், இஸ்திரி போட்டிருப்போம். அது கொஞ்சம் தளர்ந்து நீண்டிருக்கும். நாலு ஓரத்தையும் அளந்து அதற்குத் தக்கபடி கரையை வெட்டினால், தைத்து முடித்தபின் போர்வை தரையில் படியாது, ஓரம் அலையலையாக எழும்பும். அதனால் குறுக்கே மூன்று இடத்தில், நெடுக்கே மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். நடுவில் எடுத்த அளவுக்கு அதிக மதிப்புக் கொடுங்கள். கரையை அந்த அளவுக்கே வெட்டுங்கள். இரு முனையிலும் நடுவிலும் ஊசி குத்திவிட்டு, மிஞ்சும் தளர்ச்சியை இடையிடையே பகிர்ந்து தையுங்கள். நீண்டுவிட்ட ஓரம் தானாகவே உள்ளே அடங்கும்.

நம் கரையும் ஒட்டுவேலைதான். நாலு இன்ச் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு இன்ச் சதுரம் நாலு, இரண்டு வெளிர், இரண்டு அடர். நாலால் வகுபடும் அளவு இருந்தால்தான் இந்தக் கட்டங்கள் சரியாக உட்காரும். நாற்பத்தாறரை வகுபடாது. இழுத்துப் பிடித்து ஒப்பேற்ற வேண்டியதில்லை, இடையில் ஒற்றை நிறத்தில் ஒரு மெல்லிய பட்டி கொடுத்தால் போதும். பக்கத்துக்கு முக்கால் இன்ச் வந்தால் 48, 60 இரண்டும் கிடைத்துவிடும். தையலுக்கு அரை இன்ச் சேர்த்து ஒன்றேகால் இன்ச் அகலத்தில் வெட்டினோம். அடர்ந்த மாந்தளிர் நிறம். அளவுக்காக வைத்த பட்டிதான், ஆனால் வைத்தபிறகு பார்த்தால் அதுதான் கண்ணுக்கு இளைப்பாற இடம் கொடுக்கிறது. உள்ளே அத்தனை நிறம், வெளியே அத்தனை நிறம், நடுவே ஒரு வரப்பு.

சிறு சதுரங்களைத் தனித்தனியாக வெட்டித் தைக்காதீர்கள். நமக்குக் கரைக்கட்டம் 58 வேண்டும். நீளப் பக்கம் பதினைந்து பதினைந்து, அகலப் பக்கம் மூலைகளையும் சேர்த்துப் பதினான்கு பதினான்கு. சதுரக் கணக்கில் 232. ஒவ்வொன்றாகத் தைத்தால் அலுத்துப்போகும். இரண்டரை இன்ச் அகலத்தில் ஒரு வெளிர்த்துண்டு, ஒரு அடர்த்துண்டு எடுத்து நீளவாக்கில் சேர்த்துத் தையுங்கள். தையல் மடிப்பை அடர்நிறம் பக்கம் சாய்த்து இஸ்திரி போடுங்கள். இஸ்திரிப்பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி அமுக்க வேண்டும், இழுத்தால் துணி கோணும். பிறகு குறுக்கே இரண்டரை இன்ச்சுக்கு ஒரு வெட்டு. பத்து இன்ச் துண்டில் நாலு வில்லை, அதாவது இரண்டு கட்டம். ஒரு வில்லையைத் தலைகீழாகத் திருப்பி இன்னொன்றின்மேல் வைத்தால், இரண்டின் மடிப்பும் எதிரெதிரே சாய்ந்து ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். விரலால் தடவினாலே தெரியும். அந்த இடத்தில் ஊசி குத்தித் தைத்தால் நாலு முனையும் ஒரு புள்ளியில் கூடும். மதினி இந்த இடத்தில் மெஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கைச்சக்கரத்தை உருட்டித்தான் தாண்டுவார்.

எல்லாக் கட்டத்தையும் ஒரே வாக்கில் வையுங்கள், அடர்நிறம் இடது மேல்மூலையில். சதுரங்கப் பலகை போலப் போர்வையைச் சுற்றி முறிவில்லாமல் போய்ச் சேரும்.

கரை கடைசியில்தான் வரவேண்டுமா? கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கம் ஆப்பிரிக்க வம்சாவளியான சித்தி இன மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் ‘கவந்தி’ என்று பெயர். பழைய சேலையை அடியில் விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, முதலில் ஓரத்தைச் சுற்றி வருவார்கள். கரைதான் ஆரம்பம். அங்கிருந்து துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஓட்டுத்தையலால் பிடித்துக்கொண்டே உள்ளே போவார்கள். நடுமையத்தில் வேலை முடியும். நாலு மூலையிலும் மடித்த முக்கோணத் துணியைச் செருகித் தைப்பார்கள். அதை அவர்கள் பூ என்கிறார்கள், அது இல்லாத போர்வை அவர்களுக்கு முடிந்த போர்வை ஆகாது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த சிற்றூர் ஜீஸ் பெண்ட். பருத்திக்காட்டில் அடிமைகளாக உழைத்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், கிழிந்த வேலைச் சட்டை, டெனிம் கால்சட்டை, சாக்குத் துணி ஆகியவற்றில் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். ‘வீட்டுக்கூரை’ என்று அவர்கள் சொல்லும் வகையில், நடுவே ஒரு துண்டை வைத்து, அதைச் சுற்றிக் கரைமேல் கரையாகக் கட்டிக்கொண்டே வெளியே வருவார்கள். சித்திப் பெண்கள் போகும் வழிக்கு நேர் எதிர்வழி. 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், அதே ஆண்டில் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் இந்தப் போர்வைகளைச் சுவரில் தொங்கவிட்டார்கள். 2006இல் அமெரிக்க அஞ்சல்துறை தபால்தலையே வெளியிட்டது. பரணில் ஒளித்துவைக்க வேண்டியது இல்லை என்று நான் சொல்வதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நம்மிடமும் இந்தக் கை உண்டு. தேரில் உருளையாகத் தொங்கும் தொம்பைகளைப் பாருங்கள், வெட்டிய துணியை இன்னொரு துணிமேல் வைத்துத் தைத்ததுதான். சாமிக்குச் செய்யும்போது அதே வேலைக்கு மரியாதை வந்துவிடுகிறது.

கரைப்பட்டியை வெட்டும்போது பாவு ஓடும் வாக்கில் வெட்டுங்கள். ஆண்டிபட்டிப் பக்கம் சக்கம்பட்டியிலோ டி.சுப்புலாபுரத்திலோ எந்தத் தறிக்காரரைக் கேட்டாலும் சொல்வார், பாவு விறைப்பாக நிற்கும், ஊடை கொஞ்சம் இளகும். கிராஸாக வெட்டினால் இரண்டையும் விட அதிகமாக இழுபடும். கரைக்கு இழுபடாத துணி வேண்டும். பாலியஸ்டர் கலந்த துண்டுகளை நடுவில் எங்காவது வைத்துக்கொள்ளுங்கள், கரையில் வேண்டாம். மடிப்பு நிற்காது. புதுச் சிவப்பும் நீலமும் இருந்தால் முன்பே நனைத்து, வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்துவிடுங்கள்.

உள்ளடுக்கு பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள்: போடியில்தான் இலவம்பஞ்சு மலிந்து கிடக்கிறதே, அதையே வைக்கலாமா? வைக்காதீர்கள். போடி, வருசநாட்டுச் சரிவுகளில் விளையும் அந்தப் பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் அருமையானது. அதன் இழை உள்ளே கூடானது, மேலே மெழுகுப் பூச்சுள்ளது. தண்ணீர் ஒட்டாது, மிதக்கும். போர்க்காலத்தில் கப்பல்காரர்களின் உயிர்காப்பு அங்கிகளில் அடைத்ததே அதனால்தான். ஆனால் இழை குட்டை, வழவழப்பு. ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. நெருக்கமாக நெய்த உறைக்குள் அடங்கி இருக்குமே தவிர, ஒட்டுப்போர்வையின் தையல் துளைகள் வழியே கசிந்துகொண்டே இருக்கும், துவைத்தால் ஒரு பக்கமாகத் திரண்டுவிடும். நமக்குப் பழைய பருத்திச் சேலையே போதும். ஐந்தரை மீட்டர் சேலையை எழுபது இன்ச் நீளத்தில் மூன்றாக வெட்டி இணைத்தால், ஒட்டு கூடக் குறைய இருந்தாலும் இரண்டு அடுக்கு கிடைக்கும். ஒரு அடுக்கின் ஒட்டு இன்னொன்றின் ஒட்டுக்கு நேராக வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனி, ஆடிக் காற்றுக்கும் மார்கழிக் குளிருக்கும் இது தாங்கும். ஏலத்தோட்ட வேலைக்கு விடியுமுன் ஜீப்பில் மலையேறுகிறவர்கள் மடியில் போட்டுக்கொள்ளவும் கனமில்லாமல் இருக்கும்.

அடுக்குகளைச் சேர்த்து ஓட்டுத்தையல் போடும்போது கரையை மறந்துவிடாதீர்கள். நடுவில் நெருக்கமாகத் தைத்துவிட்டுக் கரையை வெறுமனே விட்டால், நடு சுருங்கும், கரை சுருங்காது. அளந்து அளந்து கட்டிய கரை அப்போதும் அலையெழும்பும். நடுவில் எவ்வளவு நெருக்கமோ, கரையிலும் அவ்வளவு நெருக்கம்.

கடைசியாக ஓரப்பட்டி. போர்வை இப்போது 56க்கு 68. சுற்றளவு 248 இன்ச், மூலைக்கும் ஒட்டுக்கும் சேர்த்து ஏழரைக் கெஜம் பட்டி தேவை. இரண்டரை இன்ச் அகலத்தில் வெட்டி இரண்டாக மடித்துக்கொள்ளுங்கள். பட்டித் துண்டுகளை நேராக ஒட்டாமல் சாய்வாக ஒட்டினால் கனம் ஒரே இடத்தில் முட்டாது. மூலைக்குக் கால் இன்ச் இருக்கும்போதே தையலை நிறுத்தி, பட்டியை மேல்பக்கம் மடித்து, அப்படியே கீழே திருப்பி, அடுத்த பக்கத்தைத் தொடங்குங்கள். திருப்பிப் போட்டால் மூலை கூர்மையாக மடிந்து நிற்கும். பின்பக்கத்தை மெஷினில் ஓட்டாமல் கையால் மறைதையல் போட்டார் மதினி. தினம் இழுத்துப் போர்த்தும் இடம், முதலில் கிழிவதும் அங்கேதான். பின்னால் பட்டியை மட்டும் மாற்றவேண்டி வந்தால் பிரிக்கச் சுலபம்.

ஒரு வேலை மீதி இருக்கிறது. எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டி வாங்குகிறோம். மாதக்கணக்கில் உட்கார்ந்து தைத்த போர்வையில் யார் பெயரும் இருப்பதில்லை. பின்பக்கத்து மூலையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வெள்ளை வேட்டித் துண்டை வைத்து, தைத்தவர் பெயர், ஊர், ஆண்டு, முடிந்தால் யார் யாருடைய சேலை உள்ளே இருக்கிறது என்பதையும் எழுதித் தையுங்கள். பேனா மை துவைக்கத் துவைக்க மங்கிவிடும். பென்சிலால் எழுதி, மேலே இரட்டை நூலில் பின்தையல் போடுங்கள்.

(தொடரும்)