100 எம்பிபிஎஸ் பிளான்... ஆனா டவுன்லோடு 12-ஐ தாண்டலையா? காரணம் இதுதான்!

வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் பிராட்பேண்ட் போட்டாச்சு. ஆனால் படம் டவுன்லோடு செய்தால், நொடிக்கு 12 எம்பி என்றுதான் காட்டுகிறது. ஏமாத்திட்டாங்களோ?

அவசரப்படாதீங்க. இணைய வேகத்தை நிறுவனங்கள் 'பிட்' கணக்கில் சொல்கின்றன. ஃபைலின் அளவோ 'பைட்' கணக்கு. 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் நொடிக்கு 12.5 மெகாபைட். அதாவது, 1 ஜிபி படம் இறங்க குறைந்தது 80 நொடி ஆகும்.

ஆங்கிலத்தில் சின்ன 'பி' போட்டிருந்தால் பிட். பெரிய 'பி' என்றால் பைட்.

சுவர், தூரம் காரணமாக வைஃபையில் வேகம் இன்னும் குறையலாம். அதனால் புகார் செய்யும் முன், ரவுட்டரில் நேரடியாக கேபிள் செருகி ஸ்பீட் டெஸ்ட் எடுங்க. அது பிட் கணக்கில்தான் காட்டும். அதிலும் 100-க்கு பக்கத்தில் வரலைன்னா, தாராளமா கேளுங்க!